வெள்ளைக் கோட்டுகளுக்கு முன்னால் உடைந்த சத்தியம்

என் பாசத்துக்குரிய ராசமாணிக்கம் மச்சானுக்கு,

நீ இருக்கிற இடத்தில் பனியும் இல்லை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டும் இல்லை என்று நம்பி எழுதுகிறேன். நீ போய் இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி சரோஜா, பேப்பரில் உன் போட்டோவைப் போட்டு, கீழே நாலு வரிப் பாட்டு எழுதிக் கொடுங்கள் என்றாள். உட்கார்ந்தேன். "எங்களை விட்டுப் போனாயே" என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரி ஒரு வாரமாகியும் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதி, கணக்கில் இரண்டு தடவையும் விழுந்தவன் என்பது உனக்குத் தெரியும். தமிழில் தப்பித்தது கடிதம் எழுதுகிற கேள்வியால்தான். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். ஊர் படிக்கட்டும். படிக்க வேண்டும் என்றுதான் இதைப் பேப்பருக்குக் கொடுக்கிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நம் தேயிலை ஃபேக்டரி ஓரத்தில், மிஷினுக்குக் காவலிருக்கிற ரோதமுனி சாமிக்கு முன்னால், எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து உனக்கு ஒரு சத்தியம் பண்ணினேனே, அதை உடைத்துவிட்டேன். ஒருவரிடம் மட்டும் சொல்லி உடைக்கவில்லை, மச்சான். ஏழு டாக்டர் பிள்ளைகள், ஒரு புரொபசர் அம்மா, ஒரு நர்ஸ், ஒரு தாய், அவள் கையில் பத்து மாசக் குழந்தை. குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் பெரிய மனுஷன் அவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். நீ கொழுந்து அரைக்கிற ரோலர் அறையில், நான் கொழுந்து காய்கிற அடுப்பில். முப்பது வருஷம் ஒரே ஃபேக்டரி. ஒரு நாள் நீ என்னைப் பின்பக்கம் கூட்டிப் போய், இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் இன்னொரு சாரத்தை மடித்துக் கட்டியிருப்பதைக் காட்டினாய். "ஒண்ணுக்கு நிக்காமப் போகுது மச்சான். சொட்டுச் சொட்டா, ராத்திரி பகல்னு இல்ல. எவன்கிட்டயும் சொல்லிடாத, எந்தங்கச்சிகிட்டகூட" என்றாய். உடனே கற்பூரத்தை ஏற்றினாய். நானும் அடித்தேன்.

அப்புறம் நாம் இரண்டு பேரும் விறகுக் குவியலில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தோம். எவ்வளவு ஆழமாக யோசித்தோம்! போகாவிட்டால்தானே அடைப்பு. இது நிற்காமல் போகிறது. அப்படியென்றால் உள்ளே தண்ணீர் கூடிப்போச்சு. தண்ணீரைக் குறைத்தால் சரி. அன்றிலிருந்து நீ காலையில் ஒரு கோப்பை பாலில்லாத சாயத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டாய். மூன்று மாதத்தில் கால் வீங்கியது, விக்கல் வந்தது, சோறு பிடிக்காமல் போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். ஏன் போனது என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். நான் சத்தியத்தோடு நின்றேன்.

சரோஜா கோடாங்கிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் உடுக்கை அடித்துவிட்டு, செய்வினை மேற்குப் பக்கத்திலிருந்து வந்தது என்றார். வரிசை வீடான நம் லயத்தில் நமக்கு மேற்கே இருக்கிற காம்பரா வீடு பவளக்கொடியோடது. பாவம் அந்த மனுஷி. உனக்கு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டவள். இரண்டு வருஷம் உன் தங்கச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் எனக்கு ஆரம்பித்தது. உனக்கு நிற்கவில்லை, எனக்கு வரவில்லை. சுவரைப் பார்த்து நின்றால், அதில் ஊர்கிற எறும்புகளுக்குப் பேர் வைத்துக் கூப்பிடுகிற அளவுக்கு நேரம் போகும். வந்தாலும் நாலு சொட்டு. முடிந்தது என்று திரும்பினால் முடியவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உன்னைவிட நான் கொஞ்சம் பயந்தவன், இல்லையா? பயந்தவனுக்கு ஒரு நல்லது, அவன் டாக்டரிடம் போய்விடுவான்.

டவுன் கிளினிக்கில் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். "நல்லாத் தண்ணி குடிச்சிட்டு, ஒண்ணுக்குப் போகாம வாங்க" என்று அந்த நர்ஸ் பிள்ளை படித்துப் படித்துச் சொன்னாள். குடித்தேன். உட்கார்ந்திருந்தேன். என் பேரைக் கூப்பிடப் போகிற நேரம், கால் தானாக எழுந்து கக்கூஸுக்குப் போய்விட்டது. என்ன செய்ய? தோட்டத்துத் துரைக்கு முன்னால் போய் நிற்கும்முன் ஒரு தடவை ஒதுங்கிவிட்டுப் போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழகிய உடம்பு. பெரட்டுக்குப் போகும்போதும் அப்படி, பங்களாவுக்குப் போகும்போதும் அப்படி. பெரிய மனுஷர்களிடம் மூத்திரப்பையை நிறைத்துக்கொண்டு போவது மரியாதையா, நீயே சொல்.

உள்ளே எனக்கு இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் மூன்று தடவை பேரைக் கூப்பிட்டுவிட்டு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். மறுபடி தண்ணீர் குடித்தேன். மறுபடி பேர் கூப்பிடுகிற நேரம், மறுபடி மரியாதை வந்துவிட்டது. மூன்றாவது தடவை அந்த நர்ஸ் பிள்ளை, "ஐயா, இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போங்க, நான் கொஞ்ச நேரம் அழுதுட்டு வர்றேன்" என்றாள்.

குடித்த தண்ணீரெல்லாம் வயிற்றில். கொட்டகலை பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் மொத்தமாக அடைத்துக்கொண்டது, மச்சான். ஒரு சொட்டு இல்லை. இந்த மலை ரோட்டில் எத்தனை வளைவு இருக்கிறது என்று அன்றுதான் எண்ணினேன். நான் நெளிவதைப் பார்த்து கண்டக்டர் தம்பி, வாந்தியா ஐயா என்று ஒரு பேக்கை நீட்டினான். வாந்தியாக இருந்திருந்தால் பஸ்ஸுக்கே சொல்லியிருப்பேனே! கடைசியில் அவன் காதில் சொன்னேன். அவன் டிரைவரிடம் சொன்னான். டிரைவர் பஸ்ஸைத் திருப்பி ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். நாற்பது பேர் ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினார்கள்.

மூத்திரம் இறங்கக் குழாய் போட்டார்கள். அந்த நிமிஷம் இருக்கிறதே... என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை. இதை உன் தங்கச்சி படிக்கும்போது இந்த வரியை மட்டும் நீ மறைத்துவிடு.

அங்கிருந்து மலையிறங்கி, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வருகிற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சரோஜாவிடம் சொல்லியனுப்பினேன். என் மகள், நம்ம யோகா இப்போது நாலாவது வருஷம், டாக்டருக்குப் படிக்கிறாள். அவளுக்கு, வலப்பனையில் ஒரு கல்யாணம், போன் எடுபடாது என்று சொன்னேன். ஒரே நாளில் நான் இத்தனை பொய் சொன்னது நம் யூனியன் எலெக்ஷனுக்குப் பிறகு இதுதான்.

மறுநாள் காலையில் புரொபசர் அம்மா வந்தார். சிங்களவர். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார், ஆனால் நன்றாகப் பேசுவார். பிள்ளைகள் படிப்பதற்காக உங்களிடம் கேள்வி கேட்கலாமா, விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்றார். நான் ஏதோ பள்ளிக்கூடத்துக்கு நிலம் எழுதிக் கொடுக்கிறவன் மாதிரி, "தாராளமாக் கேக்கட்டும் மேடம்" என்று சொல்லி, தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெள்ளைக் கோட்டுப் போட்டு ஏழு பேர் வந்தார்கள். ஏழாவதாக வந்தது யோகா.

அவள் என்னைப் பார்த்தாள். கட்டிலில் தொங்குகிற பையைப் பார்த்தாள். வலப்பனைக் கல்யாணம் அத்தோடு முடிந்தது. இவர் என் அப்பா என்று புரொபசரிடம் சிங்களத்தில் சொன்னாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, மகள் வெளியே நிற்கட்டுமா என்று கேட்டார். அப்போது ஆமாம் என்று சொல்ல எனக்குப் புத்தி இருந்ததா? அவள் படிப்புக் கெடக்கூடாது, நிற்கட்டும் என்றேன்.

முதலில் ஒரு சிங்களப் பையன். நோட்டுப் புத்தகத்தில் தமிழ்க் கேள்விகளைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தான். அவ்வளவு மரியாதையாகக் கேட்டான். "ஐயா, சிறுநீர் போறதுல ஏதும் கஷ்டம் இருக்கா?"

யோகா நிற்கிறாள். நான் என்ன சொல்ல?

"அப்பிடி ஒண்ணும் இல்லீங்க தம்பி. டெவன் அருவி மாதிரிங்க."

குழாய் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. பை அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் முக்கால்வாசி நிறைந்து தொங்குகிறது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் எழுதிக்கொண்டான்.

அடுத்து ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ராத்திரியில் எத்தனை தரம் எழும்புவீர்கள் என்று அவர்கள் ஊர்த் தமிழில் கேட்டாள். படுத்தால் கோழி கூவும்போதுதான் எழும்புவேன் என்றேன். முக்க வேண்டியிருக்கிறதா? இல்லை. எரிச்சல்? இல்லை. மிச்சம் இருக்கிற மாதிரி? சேச்சே. யோகா மேலே சுற்றாத ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரொபசர் அம்மா அந்தப் பையனின் நோட்டை வாங்கிப் படித்தார். "இதுப்படி பார்த்தா இவருக்கு நோய், வருத்தம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு அனுப்பலாம். பையை மட்டும் நாங்க வச்சுக்கலாம்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் குழந்தை வந்தது. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் புரொபசர் அம்மா வரச் சொல்லியிருந்தாராம். கந்தப்பளைப் பக்கத்துப் பெண், தோளில் பத்து மாச ஆண் குழந்தை. பிறக்கும்போதே அவனுக்கு மூத்திர வழியில் ஒரு சின்னச் சவ்வு இருந்து, அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு வயதாகி வருகிற அடைப்பு, குழந்தைக்குப் பிறவியிலேயே வருவதும் உண்டு, இரண்டுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான், எப்படிப் போகிறது என்று கேளுங்கள் என்று புரொபசர் பிள்ளைகளுக்குச் சொன்னார். பிறகு தாயிடம் கேட்டார். அந்தப் பெண் வெட்கப்பட்டு, "போகுதுங்க மேடம்" என்று தரையைப் பார்த்தாள்.

புரொபசர் அம்மா குனிந்து நாப்பியைத் திறந்தார். அவ்வளவுதான், மச்சான். ஒரு வளைவு வந்தது பார்! முதலில் அவர் கோட்டில், அங்கிருந்து ஏறி அந்தச் சிங்களப் பையனின் நோட்டில். என் பொய்யெல்லாம் மை கரைந்து ஓடியது. நர்ஸ் துணி தேடி ஓடினாள். தாய் அழப்போனாள். புரொபசர் நகரவே இல்லை. முடிகிறவரை பார்த்திருந்துவிட்டு நிமிர்ந்து, "இந்த வார்டில இன்னைக்கு உண்மையைச் சொன்ன நோயாளி இவர் ஒருத்தர்தான்" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

யோகா தட்டவில்லை. கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முறை.

"ஐயா," என்றாள்.

பெற்ற மகள், மச்சான். என்னை ஐயா என்றாள். "ஐயா, ஒங்க குடும்பத்துல, சொந்தக்காரங்கள்ல யாருக்காவது மூத்திர வருத்தம் இருந்திச்சா?"

நீ தெரிந்தாய். மடித்துக் கட்டிய சாரத்தோடு தெரிந்தாய். கற்பூரத்தை அடித்த உள்ளங்கையைப் பார்த்தேன். "இல்லீங்க" என்றேன். அவள் அதையும் எழுதினாள். உன் ரகசியத்தை நான் காப்பாற்றிவிட்டேன் என்று அப்போதுகூட எனக்குள் ஒரு பெருமை இருந்தது. ஒளிக்க மாட்டேன்.

ஆனால் புரொபசர் விடவில்லை. அந்த நனைந்த நோட்டுப் பையனிடம் கேட்டார். ஒரு வயதான ஆள் வருகிறார், சிறுநீர் நிற்காமல் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கிறது என்கிறார், வலியும் இல்லை, என்ன நினைப்பாய்? நான் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே கேட்டார். அவனும் தமிழில் தேடித் தேடிச் சொன்னான். "போகுதுதானே மேடம். அப்ப அடைப்பு இல்ல."

விறகுக் குவியலில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் கண்டுபிடித்த அதே வைத்தியம், வெள்ளைக் கோட்டுப் போட்டு என் முன்னால் நிற்கிறது. இன்னும் இரண்டு வருஷத்தில் இந்தப் பையன் நம் டவுன் ஆஸ்பத்திரிக்கே டாக்டராக வரலாம். இன்னொரு ராசமாணிக்கம் அவனிடம் போவான். இவனும் நல்ல பிள்ளை, மரியாதையாகக் கேட்டு, எழுதிக்கொண்டு, வீட்டுக்கு அனுப்புவான்.

"தம்பி, அது தப்பு" என்றேன். "எம் மச்சான் அப்பிடித்தான் செத்துப்போனான்."

சொல்லிவிட்டேன், மச்சான். சாரத்தைச் சொன்னேன், தண்ணீரைக் குறைத்ததைச் சொன்னேன், கற்பூரத்தைச் சொன்னேன். நம் லயத்துத் தண்ணீர் டேங்க் ஒரு தடவை பைப் அடைத்து மேலே வழிந்து, தரையெல்லாம் ஈரமாக இருந்ததால் டேங்க் நன்றாக ஓடுகிறது என்று நாம் ஒரு மாதம் சும்மா இருந்ததையும் சொன்னேன். பிள்ளைகள் எழுதப் போனார்கள். புரொபசர் அம்மா, நோட்டை மூடிவிட்டுக் கேளுங்கள் என்றார்.

பிறகு அவர் விளக்கினார். அது நிறைந்து வழிகிறது. உள்ளே மூத்திரப்பை குடம் மாதிரி நிறைந்து, அந்தப் பாரம் மேலே ஏறிக் கிட்னியைக் கெடுக்கும். வயிற்றில் கை வைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். முதலில் செய்ய வேண்டியது ஒரு குழாய் போடுவது என்றார். நான் போர்வையைப் பார்த்தேன். எனக்குள் இருக்கிற இதே குழாய். வேறு ஒன்றும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் யோகா தனியாக வந்தாள். கோட்டைக் கழற்றிவிட்டு வந்தாள். பழையபடி அப்பா என்றாள்.

"மாமா சாகுறப்ப நான் செகண்ட் இயர். இடுப்புல ஒரு மாதிரியா இருக்குன்னு போன்ல சொன்னாரு. நான் தைலம் வாங்கி அனுப்புனேன்ப்பா" என்றாள். கட்டிலில் தொங்குகிற பையை நேராக்கினாள். "நீங்களாவது சொல்லியிருக்கலாமில்ல."

"முனிக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டேன், பாப்பா."

"முனியும் ஆம்பளதானே. அவருக்கு இது வெளங்காதாக்கும்?"

இதற்குப் பதில் உனக்கு ஏதாவது தோன்றினால் கனவில் வந்து சொல்.

எனக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றை வெட்டவில்லை, வழிக்குள்ளேயே போய்ச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உன் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வந்தது. நாலாம் நாள் ஒரு தட்டில் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் நடந்தாள். ஒரு மணி நேரம் பவளக்கொடி வீட்டிலிருந்து அழுகிற சத்தமும் சிரிக்கிற சத்தமும் மாறி மாறிக் கேட்டது. திரும்பி வந்து தேத்தண்ணியை என் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணனுக்கு வலிச்சிச்சா?"

அந்த மாதிரி அடைப்புக்கு அவ்வளவாக வலி இருக்காது என்று டாக்டர்கள் சொன்னார்கள் என்றேன். அது உண்மை. ஆனால் உனக்கு வலித்ததா, மச்சான்? நான் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் சிரித்துக்கொண்டுதானே இருந்தாய். அது எனக்காகச் சிரித்ததா?

ரோதமுனியிடமும் போனேன். தேங்காய் உடைத்து, சத்தியம் உடைந்ததையும் சொல்லி, தண்டனை இருந்தால் என் தலையிலேயே இறக்கு என்று நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ரோலர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இனி உனக்கு ஒரு வாக்கு. கற்பூரம் ஏற்றவில்லை. ஏற்றி நான் கிழித்தது போதும். வருகிற வியாழக்கிழமை கிளினிக் நாள். ஒரு வேன் பேசியிருக்கிறேன். நம் ஃபேக்டரியிலும் மலையிலும் வேலை செய்த, இதே தொல்லையை மறைத்து வைத்திருக்கிற ஆறு ஆம்பிளைகள் வருகிறார்கள். ஒருவன் வீட்டில் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஒருவன் மகனுக்குப் பெண் பார்க்கவாம். இன்னொருவன் கோழிக்குஞ்சு வாங்கப் போகிறானாம், கையில் ஒரு கூடைகூடக் கொண்டு வருகிறேன் என்கிறான். வரட்டும். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்ப மாட்டேன். ஒவ்வொருவனும் டாக்டரிடம் தன் வாயால் சொல்லி முடிக்கிறவரை பக்கத்தில் நிற்பேன். அவர்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று ஆறு பேருக்கும் தெரியும். ரகசியம் தங்காத வாய் என்று இந்தத் தோட்டத்தில் எனக்கு இப்போது நல்ல பேர் வந்துவிட்டது, மச்சான்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டி, உன் சொல்லை மீறின
மச்சான் கணேசன்